தலை கிடைக்காவிட்டாலும் சொல்லலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டில் கிடக்கும் மான் எலும்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. ஆனால் தலை இல்லையென்றால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க வழியில்லை என முடித்திருந்ததை அப்படியே விட மனம் வரவில்லை. இடுப்பெலும்பு இருக்கிறதே!

இரண்டு பாதியும் அடியில் ஒன்று சேரும் இடத்தைப் பாருங்கள். வளர்ந்த ஆண் மானுக்கு அது தடித்திருக்கும். பின்விளிம்பில் சொரசொரப்பான இரண்டு முண்டுகள் தெரியும். ஆண்குறியைத் தாங்கும் நார்கள் பிடித்திருந்த இடம் அது. பெண் மானுக்கு அந்த முண்டுகள் கிடையாது. எலும்பு மெலிந்து, நடுவழி அகன்றிருக்கும். குட்டி இறங்க வேண்டிய வழி அல்லவா? அமெரிக்காவின் வெள்ளைவால் மான், கருவால் மான் இரண்டிலும் இந்த வேறுபாட்டை டேபர் என்பவர் 1956-லேயே பதிவு செய்துவிட்டார்.

வயதுக்கும் இதே எலும்பு உதவும், ஆனால் தோராயமாகத்தான். பிறக்கும்போது ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டுகளாக இருக்கும். தொடை எலும்பின் தலை பொருந்தும் கிண்ணத்தில்தான் மூன்றும் கூடும். மாட்டில் 7 முதல் 10 மாதத்துக்குள் அவை ஒட்டிவிடும். மேல் விளிம்பும் பின்முனையும் ஒட்ட நாலைந்து வருடமாகும். மானுக்கு இந்த மாதக் கணக்கு பொருந்தாது, வரிசை பொருந்தும். கிண்ணத்தில் கோடு பிரிந்து தெரிந்தால் அது குட்டி. அந்த வயதில் ஆண் பெண் பிரிக்க முயலாமல் இருப்பதே நல்லது. சரியான வயது வேண்டுமென்றால் பல்லைத்தான் பார்க்க வேண்டும்.

வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் கோஃபர் என்ற கொறிணியின் கதை இன்னும் வியப்பு. பெண் கோஃபர் பருவத்துக்கு வந்ததும் அந்த அடி எலும்பு கரைந்து இடைவெளி விட்டுவிடும். ஆணுக்குக் கடைசிவரை மூடியே இருக்கும். இதை ஆராய்ந்த ஹிசா என்ற அமெரிக்க விலங்கியலாளர், அதன் தொடர்ச்சியாகத்தான் 1926-ல் ரிலாக்சின் ஹார்மோனுக்கான (குட்டி இறங்க இடுப்பு மூட்டைத் தளர்த்தும் சுரப்பு) முதல் தடயத்தைக் கண்டார்.

அப்புறம் ஒன்று. 1972 வன உயிரினச் சட்டப்படி காட்டில் கிடக்கும் எலும்பை எடுத்துவரக் கூடாது. படம் எடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆண், பெண் இடுப்பெலும்புகளின் படங்களை அடுத்த இதழில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டால் வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

– ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கூடலூர்