மெயின் சுவிட்சை அணைக்கும் முன்: கல்லூரி நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

மாலை 4.30 மணிக்குக் கணினி ஆய்வகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்ற சுற்றறிக்கை தீ விபத்து பற்றிய பயத்தால் வந்தது என்பது எங்களுக்கும் தெரியும். அதைத் திரும்பப் பெறச் சொல்லி இதை எழுதவில்லை. முன்னோக்கிச் சிதறும் புரோட்டான்கள் பற்றிய எங்கள் புராஜெக்ட்டுக்காக ஒரே ஒரு கணினியை இரவிலும் ஓட விடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

"ஜெனீவாவில் இருக்கிற மிஷினுக்கு இங்கே என்ன வேலை?" என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. அந்த மிஷினை நடத்தும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு அமைப்பில் இந்தியா 2017 முதல் இணை உறுப்பு நாடு என்பதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

செர்னின் துகள் மோதுவியான எல்ஹெச்சியில் மோதும் புரோட்டான்கள் எல்லாமே உடைந்து சிதறுவதில்லை. 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அங்குள்ள டோட்டம் ஆய்வுக் குழு அளந்த மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது மோதல் நிகழும் வாய்ப்பின் அளவு, சுமார் 110 மில்லிபார்ன். அதில் 31 மில்லிபார்ன் அளவுக்கு மீட்சிச் சிதறல்தான், அதாவது இரண்டு புரோட்டானும் உடையாமல் விலகிப்போவது. இவை போக, விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்) மோதல்களில் ஒரு புரோட்டான் உடைய, மற்றது கொஞ்சம் ஆற்றலை இழந்து முழுசாகத் தப்பும். கேரம் காயை உரசியும் உரசாமலும் போகும் ஸ்ட்ரைக்கர் மாதிரி, தப்பிய புரோட்டான் திரும்பும் கோணம் பெரும்பாலும் சில பத்து மைக்ரோரேடியன் அளவுதான். நடுவிலுள்ள பெரிய டிடெக்டரின் கண்ணில் அது படாது, கற்றைக்குழாய்க்குள்ளேயே போய்விடும். அதைப் பிடிக்க 200 மீட்டருக்கு அப்பால் 'ரோமன் பாட்' என்ற கூட்டுக்குள் சென்சாரை வைத்து, கற்றைக்கு ஓரிரு மில்லிமீட்டர் நெருக்கம்வரை நகர்த்துகிறார்கள்.

இரண்டு பக்கப் புரோட்டானும் தப்பி, ஆளுக்கு 5 சதவீத உந்தத்தை இழந்தால், நடுவில் உருவானதன் நிறை 650 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்று இரண்டு புரோட்டானை வைத்தே சொல்லிவிடலாம். அழகான கணக்கு. கெடுப்பது பைல்-அப். புரோட்டான் கொத்துகள் ஒருமுறை குறுக்கிடும் ஒரே பஞ்ச் கிராசிங்கில் நாற்பது மோதல் நடந்தால், இடது புரோட்டான் ஒரு மோதலிலிருந்தும் வலது புரோட்டான் வேறொன்றிலிருந்தும் வந்து, ஜோடி போல நிற்கும். வந்த நேரத்தை ஆளுக்கு 10 பிக்கோ நொடித் துல்லியத்தில் அளந்தால் மோதிய இடம் சுமார் 2 மில்லிமீட்டருக்குள் தெரியும், போலிகளில் பெரும்பகுதி கழியும். அதற்குப் பிறகும் எத்தனை போலி மிஞ்சும் என்பதுதான் எங்கள் கேள்வி. பத்து லட்சம் கிராசிங்கைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பது என்றால் நான்கு கோடி மோதல். மிஞ்சுவது சொற்பம் என்பதால் எண்ணிக்கையைக் குறைக்கவும் வழியில்லை. ஆய்வகத்தின் பழைய கணினியில் இது ஒரு வேலை நாளுக்குள் முடிகிற கணக்கல்ல.

4.30க்கு மெயின் இறங்கும்போது நடப்பது இதுதான். முடிவுகள் சேரும் ரூட் கோப்பு மூடப்படாமல் பாதியில் நிற்கும். கடைசி ஆட்டோசேவுக்குப் பின் எழுதியதெல்லாம் போச்சு. மறுநாள் அவசரத்தில் சீடு எண்ணை (சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்) மாற்றாமல் ஓட்டினால் இன்னும் மோசம். மோதல்களை உருவாக்கும் பித்தியா நிரல் தன் வழக்கமான சீடிலேயே தொடங்கி, முந்தைய நாளின் அதே மோதல்களை அச்சுப் பிசகாமல் திரும்பத் தரும். இரண்டு கோப்புகளையும் சேர்த்தால் தரவு இரட்டிப்பானது போலத் தெரியும், பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கும். வரைபடத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. "துண்டு துண்டாக ஓட்டுங்களேன்" என்றார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி சீடு கொடுத்து அதையும் செய்தாயிற்று. இளங்கலை வகுப்புகள் முடிந்து கணினி கைக்கு வருவது 3.30க்கு. மிச்சம் ஒரு மணி நேரம்.

17 மணி நேரம், 150 வாட் என்று வைத்தாலும் ஓர் இரவுக்கு இரண்டரை யூனிட். ஊருக்கே மின்சாரம் அனுப்பும் அனல் மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூர் முதல் நம் ஜன்னல்வரை தாராளமாக வருகிறது. அந்த இரண்டரை யூனிட்டுக்குத்தான் கையெழுத்து தேவைப்படுகிறது. கல்லூரியைத் தரமதிப்பிட நாக் குழு வந்த வாரத்தில் இதே ஆய்வகம் இரவு ஒன்பது மணிவரை பளிச்சென்று எரிந்ததையும் பார்த்தோம். காத்திருப்பு எங்கள் துறைக்குப் புதிதல்ல. மீட்சிச் சிதறலில் பங்கு பெறுவதாகக் கருதப்பட்ட ஒட்டரான் என்ற கருத்து 1973இல் முன்வைக்கப்பட்டது. டோட்டம் குழுவின் தரவையும் அமெரிக்காவின் ஃபெர்மிலேபில் இயங்கிய டீசீரோ குழுவின் தரவையும் ஒப்பிட்டு அதன் சான்று 2021இல் வெளியானது. 48 வருடம். அந்தச் சாதனையை எங்கள் விண்ணப்பம் முறியடிக்க வேண்டியதில்லை.

பொறுத்தருள்க. தீ விபத்து பற்றிய பயம் நியாயமானதே. அந்த ஒரு பாயிண்டுக்குத் தனி எம்சிபி (தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, மெயினுக்கு முன்பிருந்து இணைப்புக் கொடுத்தால், மற்ற எல்லாவற்றையும் இப்போது போலவே 4.30க்கு அணைக்கலாம். மின்தடைக்கு ஒரு சிறிய யுபிஎஸ் போதும். மானிட்டர் அணைந்தே இருக்கும், இரவில் ஆள் யாரும் தங்கத் தேவையில்லை. கணினியில் லினக்ஸ் நிறுவ நிர்வாகி கடவுச்சொல்லைத் துறைத்தலைவரிடம் தந்தால் போதும், எங்களிடம் தர வேண்டாம்.

ஒரே ஒரு கணினியை, இந்தப் பருவம் முடியும்வரை, இரவிலும் ஓட அனுமதிக்குமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். அனுமதி இல்லையென்றால் அதையும் எழுத்தில் தாருங்கள், ஆய்வறிக்கையில் தரவு ஏன் குறைவு என்ற பகுதியில் இணைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பணிவுடன்,
முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள்,
வட சென்னை