வலியில்லாத காமாலையும் கைநழுவும் அறுவைச் சிகிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள் காமாலைக்கு ஆங்கில மருத்துவத்தில் மருந்து கிடையாது என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பதும், எண்ணெயும் உப்பும் நீக்கிப் பத்தியம் இருப்பதும் வழக்கமாகவே இருந்து வருகின்றன. ஹெபடைட்டிஸ் ஏ போன்ற கிருமிகளால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடுவதால், அந்தப் பெருமை பச்சிலைக்குப் போய்ச் சேர்கிறது. அதைப் பற்றி வழக்காட நான் இதை எழுதவில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு வலியும் காய்ச்சலும் இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போகுமானால், அது கணையத்தின் தலைப்பகுதியில் வளர்ந்த கட்டி, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தை நெருக்கியதால் வந்த அடைப்பாக இருக்கக்கூடும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கணையப் புற்றுநோய் கண்டறியப்படும்போது, நூற்றில் 15 முதல் 20 பேருக்கே அறுவைச் சிகிச்சை செய்யும் நிலை இருக்கிறது. மற்றவர்களுக்குக் கட்டி அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களைச் சூழ்ந்திருக்கும், அல்லது கல்லீரலுக்குப் பரவியிருக்கும். கணையத்தின் நடுவிலும் வாலிலும் வரும் கட்டிகள் வெகுநாள் வெளியே தெரிவதில்லை. தலைப்பகுதிக் கட்டி மட்டும் காமாலையைக் காட்டி முன்னதாகவே எச்சரிக்கிறது. கிடைத்த அந்த வாய்ப்பைத்தான் பத்தியத்தில் கழித்துவிடுகிறோம். பித்தநாளம் குடலில் திறக்கும் வாயில் வரும் கட்டியும் இதே அறிகுறியோடுதான் வருகிறது. உரிய காலத்தில் அகற்றினால், அதில் நெடுநாள் வாழ்வோரின் விகிதம் கணையக் கட்டியைவிடக் கணிசமாக அதிகம்.

பரிசோதனைகளிலும் வரிசை முக்கியம். வயிற்று அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பித்தநாளம் விரிந்திருப்பதைக் காட்டிவிடும். ஆனால் குடல் வாயு மறைப்பதால் கணையம் பல நேரங்களில் சரியாகத் தெரியாது. எனவே ‘கணையத்தில் ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்தாலும், நாளம் விரிந்திருந்தால் நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் அவசியம். அடைப்பை நீக்க எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்ற சிறு குழாயை நாளத்தில் வைத்த பிறகு அந்த ஸ்கேனை எடுத்தால், கட்டியின் எல்லையைக் கணிப்பது கடினமாகிவிடுகிறது. கிருமித்தொற்றுக் காய்ச்சல் போன்ற அவசரம் இல்லாதபோது சி.டி. முதலில், ஸ்டென்ட் பிறகு என்பதே முறை. கணையப் புற்றுநோயின் குறியீடாகப் பார்க்கப்படும் சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு பித்த அடைப்பினாலேயே உயரக்கூடியது; அந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு புற்றுநோய் என்று கலங்குவதும் தவறு, இல்லை என்று நிம்மதி அடைவதும் தவறு. அகற்றக்கூடிய கட்டி என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தால், சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லாமலேயே அறுவைக்குப் போகலாம். கீமோதெரபி தொடங்குவதற்கு முன்புதான் அது கட்டாயமாகிறது.

கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை அகற்றி, மீதமுள்ளவற்றைக் குடலோடு இணைக்கும் ‘விப்பிள்’ அறுவை, 1935-இல் அதை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரால் வழங்குகிறது. இதில் மருத்துவமனையின் அனுபவம் உயிர் காக்கும் விஷயம். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கணைய அறுவைகளை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதமாகவும், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காமல், ஆண்டுக்கு இத்தகைய அறுவைகள் எத்தனை நடக்கின்றன என்று கேட்பது நோயாளியின் உரிமை. சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் இதற்கான தனித் துறைகள் இருக்கின்றன.

கல்லீரல் கட்டியின் கதை வேறு. ஆரோக்கியமான கல்லீரலில் முக்கால் பங்கு வரை அகற்றினாலும் எஞ்சியது வளர்ந்துகொள்ளும். தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோய் வந்த கல்லீரலுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. மதுவினாலோ ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளாலோ சிரோசிஸ் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துவந்தால், கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்க முடியும்.

சுகாதாரத் துறைக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காமாலையோடு வரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபினின் அளவை இரத்தத்தில் வகை பிரித்துப் பார்த்து, பித்த அடைப்பில் உயரும் நேரடி பிலிரூபின் மிகுந்திருந்தால் அந்த வாரத்திலேயே ஸ்கேனுக்கு அனுப்புவதை நடைமுறையாக்க வேண்டும். அடுத்து, 2021 முதல் வீடு தேடிச் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், முதியவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் தெரியவரும்போது எடையையும் குறித்துவைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது வெறும் சர்க்கரை நோயாகவே இருக்கும். ஆனால் குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இல்லாமல், உடம்பும் காரணமின்றி இளைத்துவருகிற சிலருக்கு அது கணையக் கட்டியின் முதல் அடையாளமாக இருக்கலாம். அவர்களை மாத்திரையோடு நிறுத்தாமல் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப் பணியாளர்களுக்கு எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதல் தரப்பட வேண்டும்.

இப்படிக்கு,
அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.