ஸ்ட்ரெஸ் கிரானூல் என்பது மன அழுத்தத் துகள் அல்ல: ஒரு திறந்த மடல்

புற்றுநோய் ஆய்வுகளைத் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். நெருக்கடியின்போது செல்லுக்குள் உருவாகும் ‘ஸ்ட்ரெஸ் கிரானூல்’ என்பதை ‘மன அழுத்தத் துகள்’ என்று தமிழாக்கியிருந்த குறிப்பொன்றைப் படித்த என் உறவினர் ஒருவர், கவலைப்பட்டதால்தான் தமக்குப் புற்றுநோய் வந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இம்மடலை எழுத வைத்தது.

செல்லுக்கு மனம் கிடையாது. வெப்பத்தாலோ நச்சாலோ ஆக்சிஜன் குறைவாலோ அது நெருக்கடிக்கு உள்ளாகும்போது, பெரும்பாலும், புரதத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 புரதத்தின் ஆல்ஃபா அலகில் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. புதிய புரதத் தயாரிப்பு பெருமளவு நின்றுபோக, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை இழந்த எம்ஆர்என்ஏக்கள் (மரபணுவிலிருந்து படியெடுத்த செய்திகள்) ஜி3பிபி1 போன்ற புரதங்களோடு சைட்டோபிளாசத்தில் திரள்கின்றன. வளர்ப்புச் செல்களில் சிறிது சோடியம் ஆர்சனைட் இட்டு அரைமணி நேரம் கழித்து, ஒளிரும் ஆன்டிபாடி ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், அதுவரை சீராகப் பரவியிருந்த ஜி3பிபி1 புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆர்சனைட்டைக் கழுவிவிட்டால் சில மணி நேரத்தில் புள்ளிகள் கரைந்துவிடும். சவ்வு ஏதுமின்றிக் கூடிப் பிரியும் இவற்றை ‘நெருக்கடித் துகள்’ என்றே எழுதலாம்.

செல்லில் எம்ஆர்என்ஏக்கள் கூடும் மற்றொரு வகைத் திரள்களான பி-பாடிகளைக் ‘குப்பைத்தொட்டி’ என்பதும் அவசரம்தான். எம்ஆர்என்ஏவின் ஒரு முனையைக் காக்கும் மூடி கழற்றப்பட்டு அது சிதைவது அங்கே நடப்பதாக உஜ்வல் சேத்தும் ராய் பார்க்கரும் 2003-இல் ஈஸ்ட்டில் காட்டினார்கள். ஆனால் 2017-இல் மனிதச் செல்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, சிதையாமல், புரதமாகாமல் நிறுத்திவைக்கப்பட்ட எம்ஆர்என்ஏக்களே ஆயிரக்கணக்கில் இருந்தன. மரபணுவைப் படியெடுத்த பிறகும் அச்செய்தியைச் செல் கிடப்பில் போட முடியும் என்பதே இங்குள்ள முதன்மையான செய்தி. நம் கட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிச் செல்வதும் அதைத்தான்.

நெருக்கடித் துகள்களுக்குப் புற்றுநோயுடன் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. செல் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் மரபணு பிறழ்ந்த புற்றுச் செல்கள் நெருக்கடியில் இத்துகள்களை மிகுதியாக உருவாக்கித் தப்பிப்பதையும், அவை சுரக்கும் ஒரு பொருள் அண்டைச் செல்களுக்கும் அத்திறனைத் தருவதையும் எல்டா கிராபோக்காவும் டாஃப்னா பார்-சாகியும் 2016-இல் வெளியிட்டனர். போர்ட்டிசோமிப், சோராஃபெனிப் போன்ற புற்றுநோய் மருந்துகளே செல்லில் இத்துகள்களைத் தோற்றுவிப்பதால், மருந்துக்கு எதிர்ப்பு உருவாவதில் இவற்றுக்குப் பங்கிருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். ஆனால் கட்டி பிழைத்திருக்க உதவுவது வேறு, கட்டியைத் தோற்றுவிப்பது வேறு. மேலும், ஜி3பிபி1-ஐ நீக்கிச் செய்யும் சோதனைகளில் துகளோடு அப்புரதத்தின் பிற வேலைகளும் நின்றுவிடுவதால், விளைவு முழுவதையும் துகளின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ‘மன’ என்ற அந்த இரண்டெழுத்தை மட்டுமாவது அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
செல் உயிரியல் படித்த ஒரு வாசகர்