புளியங்கொட்டைப் படிக்கட்டு

பென்னாகரம்,
பங்குனி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வுப் பணி, அப்புறம் அம்மாவுக்குக் கண் அறுவை என்று நாட்கள் ஓடிவிட்டன. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்கள். புளி சீசன் ஆரம்பித்துவிட்டதால் கண்ணில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கக் கேட்கிறார்கள். தடுப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

தளிக்கு மாறுதலில் போனது பற்றி எழுதியிருந்தாய். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள், தமிழ்வழிப் புத்தகம், நடுவில் நீ. கூடவே, "மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கணக்கு வட்டம் நடத்துகிறாயாமே, அதில் என்னதான் செய்கிறீர்கள்?" என்றும் கேட்டிருந்தாய். சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் புளி தட்டும் வேலை உண்டு. கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கை கொட்டை கொடுத்தேன். அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டி என்னென்ன எண்கள் கிடைக்கும் என்பது மட்டும்தான் கேள்வி. 3+4+5 என்றால் 12. முதல் வரிசையில் மூன்று கொட்டை, அதன் கீழ் நான்கு, அதன் கீழ் ஐந்து என்று அடுக்கினால் படிக்கட்டு மாதிரி வரும். 15-க்கு மட்டும் மூன்று படிக்கட்டு கிடைத்தது: 7+8, 4+5+6, 1+2+3+4+5.

முதல் சனிக்கிழமை முழுக்க அடுக்கியே போனது. நான் எதுவும் சொல்லவில்லை. மதியம் போல ஒரு பெண் வந்து, "சார், 16 வரமாட்டேங்குது" என்றாள். இன்னொருவன், "8-உம் வரல சார்" என்றான். 4 வரவில்லை, 2 வரவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா 32-உம் வராதுல்ல?" என்றாள். அடுக்கிப் பார்க்காமலே சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏன் வராது?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த "ஏன்" மூன்று வாரம் எடுத்தது. ஒரு பையன்தான் கடைசியில் வழி கண்டான். அவன் அம்மா கூலிக்குக் கொட்டை எடுப்பவர். வீட்டு முற்றத்தில் ஒரு படிக்கட்டை அடுக்கி, அதே மாதிரி இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறான். சரியான செவ்வகமாக உட்கார்ந்துவிட்டது. 3, 4, 5 படிக்கட்டு இரண்டைச் சேர்த்தால் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. 4, 5, 6, 7 இரண்டைச் சேர்த்தால் நான்கு வரிசை, வரிசைக்குப் பதினொன்று. எல்லோரும் இதையே செய்து நோட்டில் எழுதினார்கள். ஒரு பக்கம் ஒற்றைப்படை என்றால் மறுபக்கம் இரட்டைப்படை. ஒன்றுகூட விலகவில்லை. வரிசை ஒன்று கூடினால் அகலத்தின் இரட்டை ஒற்றையும் மாறுகிறது என்று அவர்களே வாதாடி முடித்தார்கள். அதற்குப் பிறகு 16 கதை சுலபம். இரண்டு 16 சேர்ந்தால் 32. 32 கொட்டையைச் செவ்வகமாக அடுக்கி ஒரு பக்கத்தை ஒற்றைப்படையாக்க வேண்டுமானால் ஒரே வரிசையாக நீட்டத்தான் முடியும். ஒரே வரிசையைப் படிக்கட்டு என்று சொல்ல முடியுமா? முடியாது. 2, 4, 8, 16, 32, 64 எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

எட்டாம் வகுப்புப் பையன் செய்தது முழுமையான நிரூபணம். கல்லூரியில் நாம் இருவரும் நிரூபணம் என்று எதைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டோமோ, அதை இவன் முற்றத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தான்.

தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு நானும் பயிற்சி கொடுக்கிறவன்தான். தேர்ச்சி பெற்று உதவித்தொகை கிடைத்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 90 நிமிடத்துக்கு 90 கேள்வி. நிமிடத்துக்கு ஒன்று. அந்த ஓட்டத்தை மட்டுமே கணக்கு என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், ஒரே கேள்வியோடு மூன்று வாரம் கிடக்கும் சுகம் அதற்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டு வருடம் முன்னால் வெளியூரிலிருந்து ஒரு குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. மேடையில் ஒரு சிறுவன் பெரிய பெரிய எண்களைக் கண்மூடித் திறப்பதற்குள் பெருக்கிக் காட்டினான். பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். கடைசியில் புத்தகம் விற்றுவிட்டுப் போனார்கள். மறுநாள் என் வகுப்புப் பையன் ஒருவன், "எனக்கெல்லாம் அந்த மாதிரி மூளை இல்ல சார்" என்றான். கணக்கில் ஆர்வம் ஊட்ட வந்த நிகழ்ச்சி அவனை இன்னும் தள்ளிவிட்டது. இன்னும் அது என்னை உறுத்துகிறது. செவ்வகம் அடுக்கியவன் அதே பையன்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படிக்கட்டுக் கேள்வியைத் தர்மபுரியில் ஆசிரியர் கூட்டத்திலும் வைத்தேன். இரண்டாம் சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். உத்தரவு, கையெழுத்து, பயணப்படி எதுவும் கிடையாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி நடத்தும் குறுவள மையக் கூட்டத்தில் நமக்கு என்ன பழக்கம்? படிவம் நிரப்புவோம், சொல்வதைக் கேட்போம், டீ குடிப்போம். கணக்கு ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டதை என் பதினெட்டு வருடப் பணியில் நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் போட்டோம். என்னைவிட மூத்த ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "எனக்குத் தெரியலப்பா" என்றார். அறை அமைதியாகிவிட்டது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். அதன் பிறகுதான் கூட்டம் சூடு பிடித்தது. மாலை ஐந்து மணிப் பேருந்தை விட்டுவிட்டுக் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாடத்தில் இல்லை என்று சொல்லி எத்தனை பிள்ளைகளின் கேள்வியை நான் தாண்டிப் போயிருக்கிறேன் தெரியுமா? விடை தெரியாமல் நிற்க நேருமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் போவதற்கு ஆசிரியருக்கும் தெரியாமல் நிற்க ஓர் இடம் வேண்டும். பிள்ளைகள் வட்டத்தைவிட இந்த ஆசிரியர் வட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நீயும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு பேர் கிடைத்தாலும் இதை முதலில் ஆரம்பி.

கல்லூரி நாளில் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 1993-இல் அதைத் தொடங்கிய பி.கே. சீனிவாசன் சென்னையில் பள்ளிக் கணக்கு ஆசிரியர். ராமானுஜனை அறிந்தவர்களின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்த்தவரும் அவர்தான். 6174 என்ற எண்ணின் விசேஷத்தைக் கண்டுபிடித்த காப்ரேகரும் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய 6174-ஐ உன் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடு. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு வண்டி எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். வந்ததை வைத்து மறுபடியும் அதே வேலை. 3087 என்றால் 8730-இலிருந்து 0378 போக 8352. அப்புறம் 8532-இலிருந்து 2358 போக 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174-க்கு வந்து நின்றுவிடும். எங்கள் பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் எங்கள் மாவட்டத்து டிஎன் 29 வண்டி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

மொழிச் சிக்கல் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பலமாக மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னத்தில் தொடங்கிப் பார். அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. அந்தச் சொல்லிலேயே பெருக்கல் இருக்கிறது. மாகாணியில் கூட்டல் இருக்கிறது: மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று. இதை எங்கள் பிள்ளைகள் பொதுப் பகுதி எடுத்துச் சரிபார்த்தபோது அவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கன்னடத்திலும் முக்காலு என்றுதானே சொல்கிறார்கள்? வீட்டில் பாட்டி தாத்தாவிடம் பழைய பின்னச் சொற்களைக் கேட்டு வரச் சொல். மூன்று மொழியிலும் பட்டியல் போட்டால் ஒரு மாதத்துக்கு வேலை இருக்கும். கிடைத்ததை எனக்கும் அனுப்பு. எங்களுக்கு அது தேவை.

சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு வா. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ஒகேனக்கலில் தண்ணீர் இருந்தால் பரிசல் ஏறலாம். வரும்போது நல்ல செந்தூரா மாம்பழம் கிடைத்தால் ஒரு பை கொண்டு வா, அம்மாவுக்குப் பிடிக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு. 15-க்கு மூன்று படிக்கட்டு, 9-க்கு இரண்டு, 100-க்கும் இரண்டுதான். ஓர் எண்ணைப் பார்த்ததுமே அதற்கு எத்தனை படிக்கட்டு என்று சொல்ல முடியுமா என்று அந்தப் பெண் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு விடை தெரியும், இங்கே எழுதவில்லை. நீ யாரிடமும் கேட்காமல் போட்டுப் பார்த்து எழுது. அவளும் முடித்த பிறகு உன் கடிதத்தை அவளிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்