பொருள்: 16 பிட் என்று விற்ற, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 மாட்யூலில் 12 பிட் சிப் இருப்பது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே புகாரைச் சாட், தொலைபேசி, மின்னஞ்சல் என்று எல்லா வழியிலும் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட் எண், புது ஆள், "முதலிலிருந்து சொல்லுங்க" என்ற அதே கேள்வி. இந்தச் சிப்பை அறிந்தவர் ஒருவராவது உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பார். தயவுசெய்து இக்கடிதத்தை அவரிடம் கொடுங்கள்.

உங்களிடம் வாங்கிய மாட்யூல்கள் எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. ±4.096 வோல்ட் வரம்பில், ஏ0 உள்ளீட்டுப் பின்னில் பொட்டன்ஷியோமீட்டரை (திருப்பினால் மின்னழுத்தம் மாறும் குமிழை) இணைத்து மெல்லத் திருப்பினால் 13200, 13216, 13232 என்று எண் தாவுகிறது. இடையில் ஓர் எண்கூட வருவதில்லை. எந்த அளவை எடுத்தாலும் 16ஆல் மீதியின்றி வகுபடுகிறது. கடைசி நான்கு பிட்டும் நிரந்தரமாகப் பூஜ்யம். படிக்கு 0.125 மில்லிவோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 மில்லிவோல்ட். இது 12 பிட் சிப்பான ஏடிஎஸ்1015-இன் குணம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

லைப்ரரியில் (சிப்பைப் படிக்கும் ஆயத்த நிரலில்) தப்பு என்றார்கள். லைப்ரரியே இல்லாமல் ஐ2சி (சிப்போடு பேசும் இரு கம்பி இணைப்பு) வழியாக நேரடியாகப் படித்தும் அதேதான். சிப்பின் அமைப்புகளை வைக்கும் கான்ஃபிக் ரிஜிஸ்டரில் ஹெக்ஸ் சி303 எழுதுங்கள்: ஏ0, ±4.096, ஒற்றை அளவீடு, வேகத்துக்கான மூன்று பிட்டும் பூஜ்யம். பிறகு, அளவீடு முடிந்ததைக் காட்டும் 15ஆம் பிட் மறுபடி 1 ஆகும்வரை நேரம் பாருங்கள். ஏடிஎஸ்1115 என்றால் நொடிக்கு 8 சாம்பிள், அதாவது சுமார் 125 மில்லிசெகண்ட் ஆக வேண்டும். உங்கள் மாட்யூல் 8 மில்லிசெகண்டில் முடித்துவிடுகிறது. ஏடிஎஸ்1015-இல் அதே மூன்று பூஜ்யத்துக்கு நொடிக்கு 128 சாம்பிள் என்று பொருள். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. சிப்பின் மேல் 1115-க்குரிய பிஓஜிஐ என்ற குறிதான் அச்சிட்டிருக்கிறது. அச்சை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், சிப் உள்ளே வேலை செய்யும் விதத்தை மாற்ற முடியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு உங்கள் தொலைபேசி ஊழியர் ஒருவர், "ரீடிங் ஆடாம நிக்குதுல்ல, அது நல்லதுதானே? படிக்கத் தெரியாதவங்களுக்கு 16 பிட் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா இது? 2 மில்லிவோல்ட்டுக்குக் குறைந்த அசைவு எதுவும் அதன் கண்ணில் படாததால்தான் ரீடிங் ஆடாமல் நிற்கிறது!

இன்னொருவர் கெயினை (உள்ளீட்டைப் பெருக்கும் அளவை) ஏற்றச் சொன்னார். ±0.256 வரம்புக்குப் போனால் படி 0.125 மில்லிவோல்ட்டாகக் குறையும், உண்மை. ஆனால் நான் பயன்படுத்தும் எல்எம்35 வெப்பநிலை சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவது, 25.6 டிகிரியைத் தாண்டியதும் எண் 32752-இல் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் வெப்பநிலையே கிடையாதா?

உங்கள் சேவை மையத்துக்கு மாட்யூலை நேரில் கொண்டுவரச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கவுண்டரில் இருந்தவர் ஐ2சி ஸ்கேனரை ஓட்டி, ஹெக்ஸ் 48 என்ற முகவரி தெரிந்ததும் "வேலை செய்யுது" என்று திருப்பி நீட்டினார். ஐயா, 1015, 1115 இரண்டுமே அதே முகவரியில்தான் பதில் சொல்லும். முகவரியைத் தீர்மானிக்கும் ஏடிடிஆர் (ADDR) பின்னை எதனோடு இணைக்கிறோமோ அதைப் பொறுத்து 48 முதல் 4பி வரை இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான். ஸ்கேனர் எதை நிரூபித்தது? அதற்கும் மேலே, "பின் சால்டர் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். ஹெடர் பின்னைத் தனியாகப் பையில் போட்டு அனுப்புவது நீங்கள். சால்டர் வைக்காமல் செருகினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அப்போது "லூஸ் கனெக்ஷன்" என்பீர்கள். சால்டர் வைத்தால் வாரண்டி இல்லை என்பீர்கள். அப்படியானால் இதை வாங்கியவர் எப்படித்தான் சோதிப்பது?

இந்த மாட்யூலை நம்பிப் பதிவுசெய்த வெப்பநிலை அளவுகள் அத்தனையும் குப்பை. 0.0125 டிகிரி நுணுக்கம் என்று எண்ணியது 0.2 டிகிரிப் படிகளாக இருக்கிறது. அந்த உழைப்புக்கு எந்தப் பணமும் ஈடாகாது.

சிப்பை வடிவமைத்தவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. நான் கேட்பது உங்களிடம். உண்மையான 1115 உள்ள மாட்யூல்களை, மேலே சொன்ன நேரச் சோதனையைச் செய்து பார்த்து அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். கையிருப்பைச் சோதிக்கும்வரை விற்பனைப் பக்கத்தில் இருக்கும் "16 பிட்" என்பதை எடுத்துவிடுங்கள். தொலைபேசியில் அப்படிப் பேசிய ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதைச் சுமுகமாக முடிக்கவே விரும்புகிறேன். ஆனால் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நேர அளவுகள், ரிஜிஸ்டர் பதிவுகள், உங்கள் ஊழியர்களின் சாட் பதிவுகள் எல்லாவற்றோடும் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். தீர்வு தராமல் இந்த டிக்கெட்டையும் மூட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சோதனைக் கோட், அளவீட்டுப் பதிவு, சிப்பின் அண்மைப் படம்