வால்வுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்

விண்கலச் சிறு எஞ்சின் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்ற அளவு) எத்தனை விநாடி, உந்துவிசை எத்தனை நியூட்டன், இதில் புதுமை என்ன என்றெல்லாம் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் கேட்கிறீர்கள். வால்வு கசியாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்லி எதற்கு வம்பு என்று நானும் விட்டுவிடுவேன்.

போன முறை அதற்குப் பலன் கிடைத்தது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓடும் ஒரு நியூட்டன் திரஸ்டர், அதாவது விண்கலத்தைத் தள்ளவும் திருப்பவும் உதவும் சிறு எஞ்சின். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நான்காம் நாள் வால்வை மூடிய பிறகும் எஞ்சின் முனையிலுள்ள நாசில் வாயில் நூல் போல ஆவி வந்துகொண்டே இருந்தது. பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், வால்வின் மூடி போய் உட்காருகிற இடத்தில் தலைமுடியைவிட மெல்லிய உலோகச் சீவல் ஒன்று. குழாய் வெட்டியபோது உள்ளே போயிருக்கிறது. குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்ய பட்ஜெட்டில் நான் போட்டிருந்த தொகை? பூஜ்யம்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். வெள்ளிக் கோளுக்குப் போன ஜப்பானின் அகாட்சுகி 2010 டிசம்பரில் சுற்றுப்பாதையைத் தவறவிட்டது. எரிபொருளையும், அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியையும் தனித்தனியே காக்கவேண்டிய ஒரு வால்வில், இரண்டின் ஆவியும் கலந்து உப்பு படிந்து அடைத்துக்கொண்டது. எரிபொருள் குறைந்து, சூடு ஏறி, முதன்மை எஞ்சின் உடைந்தது. ஐந்து வருடம் கழித்து, கலத்தைத் திருப்புவதற்காக வைத்திருந்த நான்கு சிறு திரஸ்டர்களை ஏறக்குறைய 20 நிமிடம் இயக்கித்தான் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தார்கள். சின்ன எஞ்சின்களை இளப்பமாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நாசா 2022-இல் அனுப்பிய லூனார் ஃபிளாஷ்லைட் என்ற சிறு விண்கலம் நிலவுப் பாதையைப் பிடிக்கவே இல்லை. முப்பரிமாண அச்சில் செய்த எரிபொருள் குழாய்களில் துகள் அடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு.

மங்கள்யான் தப்பித்தது. அதன் 440 நியூட்டன் எஞ்சின் சுமார் 300 நாள் சும்மா கிடந்தது. அவ்வளவு நாள் கிடந்தால் வால்வும் குழாயும் என்ன ஆகுமோ என்று யோசித்து, மாற்றுக் குழாய்ப் பாதை ஒன்றையும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22 அன்று நான்கு விநாடி எரித்துப் பார்த்தார்கள். இரண்டு நாளில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அந்த மாற்றுக் குழாயை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எரிபொருளை நிரப்பி ஒரு வருடம் சும்மா வைத்துவிட்டு, அப்புறம் வால்வைத் திறந்து பார்க்கும் சோதனைக்குப் பணம் கொடுங்கள். பாதி நாள் எதுவுமே நடக்காது, அறிக்கையில் போட நல்ல படம்கூடக் கிடைக்காது. பரவாயில்லை. தோற்றுப்போன வால்வுகளின் விவரத்தையும் வெளியிடச் சொல்லுங்கள். ஒரே சீவலை ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

அடுத்த விண்ணப்பத்தில் ஃபில்டருக்கும் குழாய் கழுவுவதற்கும் தனியாக ஒரு தொகை எழுதப்போகிறேன். இதில் என்ன புதுமை என்று அடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
திரஸ்டர் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவன்