டுவார்ஸ் யாருடைய வாசல்?

வட வங்காளத்தில், பூட்டான் மலையடிவாரத்து டுவார்ஸ், கலிம்போங் பக்கம் பயணிகளை அழைத்துப் போகும் வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். பக்ஸா கோட்டைக்கு ஏறியபோது எங்களுடன் வந்த வழிகாட்டி, விடுதலைப் போராட்ட வீரர்களை அங்கே அடைத்து வைத்திருந்த கதையை மனம் கனக்கும்படி சொன்னார். ஆனால் அந்தக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூட்டானிடமிருந்து போரிட்டுப் பிடுங்கியது அது.

டுவார் என்றால் வாசல். நம் துவாரபாலகரில் இருக்கும் அதே சொல். பூட்டான் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாசல்கள் 18, வங்காளப் பக்கம் 11, அசாம் பக்கம் 7. மலைநாட்டுக்கு வரியும் நெல்லும் பருத்தியும் வந்த வழி அதுதான். அசாம் பக்கத்து ஏழையும் ஆங்கிலேயர் 1841லேயே எடுத்துக்கொண்டார்கள்.

1864இல் ஆங்கிலேயரின் தூதராகப் போன ஆஷ்லி ஈடனைப் பூட்டானின் புனாகாவில் முகத்தில் மாவு பூசி அவமானப்படுத்தினார்கள். உண்மைதான், அதையும் சொல்லுங்கள், ஆனால் அந்த அவமானத்துக்காக மட்டுமே போர் மூண்டது போலச் சொல்லி முடித்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த மண்மேல் ஆங்கிலேயருக்கு அதற்கு வெகு முன்பிருந்தே கண் இருந்தது.

அப்புறம் திவாங்கிரி, அந்தப் போரில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த பூட்டான் மலையூர். 1865 தொடக்கத்தில் பூட்டானின் படைத்தலைவர் ஜிக்மே நம்கியாலின் ஆட்கள் தாக்கியபோது ஆங்கிலேயப் படை இரண்டு பீரங்கிகளைப் போட்டுவிட்டு இரவோடு இரவாக ஓடியது. இதை ஏன் யாரும் சொல்வதே இல்லை? ஏப்ரலில் அவர்கள் திரும்பி வந்து ஊரைப் பிடித்தார்கள். நவம்பர் 11 அன்று சிஞ்சுலா ஒப்பந்தம். முன்பே எடுத்துக்கொண்ட ஏழையும் சேர்த்து 18 வாசல்களும் எழுத்திலேயே போயின, கலிம்போங் மலையும் போனது, அந்தப் பீரங்கிகளையும் பூட்டான் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பதிலுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை உதவித்தொகை, அதையும் ஆங்கிலேயர் நினைத்தால் நிறுத்தலாம். விளைநிலத்தை எடுத்துக்கொண்டு கையில் படிப்பணம் கொடுத்ததை எப்படி உதவி என்று சொல்வது, எனக்கு மனம் ஒப்பவில்லை. 1874இல் கஜல்டோபாவில் டுவார்ஸின் முதல் தேயிலைத் தோட்டம் வந்துவிட்டது.

ஜிக்மே நம்கியாலின் மகன் உக்யென் வாங்சுக்தான் 1907இல் பூட்டானின் முதல் மன்னர். திவாங்கிரிப் பகுதி 32 சதுர மைலை 1949இல் இந்தியா திருப்பிக் கொடுத்தது. மற்றவை இந்தியாவிலேயே இருக்கின்றன.

எல்லை ஊரான ஜெய்காவ்னில் பூட்டான் நுழைவாயில் முன்னால் எல்லோரும் படம் எடுப்பார்கள் இல்லையா, அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தி, நாம் நிற்கும் இடம் 1865 வரை அந்த வாயிலுக்கு உள்ளே இருந்தது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுடன் வந்த ஒரு பயணி